ஸ்கூல் விட்ட பிறகு, ராத்திரில மனசு சரியில்லன்னா இலங்கை மலையகத்துப் பிள்ளைங்க யார்கிட்ட பேசலாம்?

ராத்திரின்னு கேட்டீங்க பாருங்க, அதுதான் விஷயமே. எங்க ஸ்கூல்லயும் கவுன்சலிங் டீச்சர் ஒருத்தங்க இருந்தாங்க, தங்கமானவங்க, ஆனா ஒன்றரைக்கு பெல் அடிச்சதும் டவுன் பஸ்ஸப் புடிக்க ஓடணும், அவங்களச் சொல்லியும் குத்தமில்ல. எனக்கு ஏ.எல், அதான் உயர்தரப் பரீட்சை, ரிசல்ட்ஸ் வந்தது ராத்திரில. ரெண்டு எஸ், அதாவது சாதாரண பாஸ், ஒரு எஃப், ஃபெயில். அம்மா விடிய எந்திரிச்சு பிரட்டுக்கு, தோட்டத்துல காலைல வேலைக்குப் பேர் குடுக்குற எடத்துக்கு, போகணும்னு தூங்கிட்டாங்க, நான் கூரையப் பாத்துக்கிட்டே கெடந்தேன், என்னென்னமோ தோணுச்சு.

லயத்துல, அதான் தோட்டத்து வரிசை வீட்ல, இருந்தவங்களுக்குத் தெரியும், ஒரு காம்பராவுல, ஒரு ரூம்ல, இருமினா நாலாவது காம்பராவுல கேக்கும். அழக்கூட எடமில்ல, இதுல எங்க போன்ல பேசுறது? அதான் அம்மா போன எடுத்துக்கிட்டு பீலிக்கரைக்கு, மலைத்தண்ணி குழாய் வழியா கொட்டுற எடத்துக்கு, போயிட்டேன், தண்ணி சத்தத்துல நாம பேசுறது யாருக்கும் கேக்காது, சிக்னலும் அங்கதான் ரெண்டு கோடு நிக்கும்.

எடுத்தது 1926. அங்கொட தேசிய மனநல ஆஸ்பத்திரி நடத்துறது, 24 மணி நேரமும் இருக்கு, காசு வெட்டாது, ரீலோட் இல்லாத போன்லயும் போகும். 1333ம் அப்படித்தான், ஃப்ரீ. வயசு 18க்குக் கீழன்னா, வீட்லயோ வெளியிலயோ யாராச்சும் அடிக்கிறாங்க, தப்பா நடக்குறாங்கன்னா 1929, அது சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையோடது. அந்தப் பக்கம் சிங்களத்துல ஹலோ சொன்னா பயந்து கட் பண்ணிராதீங்க, "தமிழ்ல பேசணும்"னு மட்டும் சொல்லுங்க, தமிழ்ல பேச ஆள் இருக்காங்க. பேரு சொல்லணும்னு இல்ல. நான் மொத ரெண்டு நிமிஷம் ஒண்ணுமே பேசல, அந்த அக்கா வைக்கவும் இல்ல, அப்பறம் "அங்க மழையா தம்பி?"ன்னு கேட்டாங்க. பீலின்னு சொன்னேன், பீலின்னா என்னான்னாங்க, அதுலருந்துதான் பேச்சே ஆரம்பிச்சுச்சு.

இன்னொரு பயம் எங்க பக்கம் நெறைய பேருக்கு இருக்கு, இப்படி யோசிச்சேன்னு சொன்னா போலீஸ் வருமோன்னு. தற்கொலைக்கு முயற்சி பண்றது குத்தம்ங்கிற சட்டத்த 1998லயே எடுத்துட்டாங்க, அதனால வாயத் தொறந்து சொல்லலாம். ஆனா யாராச்சும் ஏற்கனவே ஏதாச்சும் பண்ணிக்கிட்டாங்கன்னா கவுன்சலிங் லைனுக்கு எடுத்துக்கிட்டு நிக்காதீங்க, நேரா 1990, ஆம்புலன்ஸ், அதுவும் ஃப்ரீதான். தோட்டத்து ரோடு அவங்களுக்குப் புரியாது, அதனால ஒருத்தர டோர்ச்சோட மெயின் ரோட்டுக்கு அனுப்புங்க.

போன் லைன் எல்லாத்தையும் சரி பண்ணிரும்னு நான் சொல்லல, என் எஃப் எஃப்பாவேதான் இருந்துச்சு, அடுத்த வருஷம் திரும்ப எழுதினேன். அன்னைக்கு ராத்திரி தாண்டணும், அதுக்குத்தான் அது. காலைல அம்மா போன்ல 1926ன்னு பாத்துட்டு "இது என்னா, சிம் கம்பெனியா?"ன்னாங்க. ஆமாம்மான்னுட்டேன்.