கொக்குக்குக் கூண்டு வேண்டாம்

கேள்வி: எங்கள் ஊர் முக்கில் பேரூராட்சிக்காரர்கள் ஆளுயரத்துக்கு இரண்டு மடங்கு பெரிய சிமெண்ட் கொக்கு ஒன்றை நிறுத்தி, நீல விளக்குப் போட்டு, பக்கத்தில் 'ஐ லவ்' என்று ஊர்ப்பெயரையும் எழுதி வைத்திருக்கிறார்கள். பாதிப் பேர் வரிப்பணம் பாழ் என்கிறார்கள். மீதிப் பேர் அதன் முன்னால் நின்று போட்டோ எடுக்கிறார்கள். அகற்றச் சொல்லி கலெக்டரிடம் மனுக் கொடுக்கலாமா?
— நாங்குநேரி வட்டத்திலிருந்து ஒரு வாசகர்

பதில்: தாராளமாகக் கொடுங்கள் அண்ணாச்சி, திங்கட்கிழமை மனு வாங்குவார்கள். ஒன்றே ஒன்று, கலெக்டர் ஆபீஸ் இருப்பது கொக்கிரகுளத்தில். கொக்குக்கு எதிராக மனுவைத் தூக்கிக்கொண்டு கொக்கிரகுளத்துக்குப் போகிற முதல் ஆள் நீங்களாகத்தான் இருப்பீர்கள். மனுவை வாங்குகிறவர் சிரித்துவிட்டால் என்னிடம் கோபித்துக்கொள்ளக் கூடாது.

அது கொக்குதானா என்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். அலகு மஞ்சளாக, கொஞ்சம் வளைந்து இருந்தால் அது நாரை. ஒப்பந்தக்காரரிடம் கேட்டால் பெயிண்ட் டப்பாவில் மிச்சம் இருந்த கலர் என்பார். உங்கள் வட்டத்திலேயே கூந்தன்குளம் இருக்கிறது. அங்கே மஞ்சள்மூக்கு நாரை குளத்தில் மட்டும் இல்லை, வீட்டு முற்றத்து வேப்பமரத்திலும் கூடு கட்டும். இமயத்தைத் தாண்டி வரித்தலை வாத்து வந்து இறங்கும். அரசாங்கம் 1994-ல்தான் சரணாலயம் என்று அறிவித்தது. ஊர்க்காரர்கள் அதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்பே, குஞ்சு மிரளும் என்று தீபாவளிக்கு வெடி போடாமல் இருந்து பழகிவிட்டவர்கள். பறவை எச்சம் ஊறிய குளத்து வண்டலை அள்ளிக்கொண்டுபோய் வயலில் போடுவார்கள். அந்த ஊரில் போய் பறவைக்கு ஒரு சிலை வைக்கலாமா என்று கேட்டுப் பாருங்கள். "முற்றத்தைக் கழுவவே நேரம் காணல, இதுல சிலைக்கு வேற எவன் வெள்ளையடிப்பான்?" என்று கேட்பார்கள்.

சரி, கொக்கு ஏன் வந்தது? அதை நீங்கள் கேட்கவில்லை. நான் சொல்கிறேன். முக்கு காலியாகக் கிடக்கிறது, கையில் கொஞ்சம் நிதி இருக்கிறது, மன்றக் கூட்டத்தில் ஒருவர் சிலை என்கிறார். யார் சிலை என்று அடுத்தவர் கேட்ட உடனே கூட்டம் அமைதியாகிவிடும். யார் பெயரைச் சொன்னாலும் அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு தெரு எழுந்து நிற்கும், எதிரே இன்னொரு தெரு முறைக்கும். நம்முடைய சீமையில் சிலை என்றால் சிலையின் செலவு பாதி, அதைச் சுற்றி அடிக்கிற இரும்புக் கூண்டின் செலவு பாதி. பிறந்தநாளுக்கும் நினைவுநாளுக்கும் போலீஸ் பந்தோபஸ்து தனி. நாட்டுக்காக ஜெயிலுக்குப் போனவரை நாமும் கம்பிக்குப் பின்னால் வைத்து, சாவியை யாரிடம் கொடுப்பது என்று சமாதானக் கூட்டம் நடத்துகிறோம். இந்தக் கூத்து தாங்காமல்தான் 1997-ல் அரசாங்கம் மாவட்டங்களுக்கும் போக்குவரத்துக் கழகங்களுக்கும் இருந்த தலைவர்கள் பெயரையே எடுத்துவிட்டது. கட்டபொம்மனும் சிதம்பரனாரும் மாவட்டப் பெயர்களிலிருந்து இறங்கிக்கொண்டார்கள். 2013-ல் உச்ச நீதிமன்றம் பொதுச் சாலையிலும் நடைபாதையிலும் புதிதாகச் சிலை வைக்க அனுமதி கொடுக்காதே என்றது. 2021-ல் சென்னை உயர் நீதிமன்றம், இருக்கிற சிலைகளை எல்லாம் பெயர்த்துத் தலைவர்கள் பூங்கா என்று ஒன்று அமைத்து அதில் வையுங்கள் என்றது. எல்லாத் தலைவர்களும் ஒரே பூங்காவில்! அந்த வாசலுக்கு எத்தனை பூட்டு தேவைப்படும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

அப்படிப்பட்ட ஊரில் உங்கள் பேரூராட்சி கொக்கை வைத்திருக்கிறது. கொக்குக்குச் சாதி கிடையாது, ஊர்வலம் கிடையாது, மாலை போடப் போட்டி கிடையாது, கூண்டும் வேண்டாம். எனக்கு அதன் அழகில் ஒரு நம்பிக்கையும் இல்லை, நீல விளக்கைப் பார்த்தால் கண் கூசுகிறது. ஆனாலும் அதை நிறுத்தியவரின் சாமர்த்தியத்துக்கு ஒரு கும்பிடு போடத்தான் வேண்டும்.

ஊர் தானாக மதிக்கிற சின்னம் வேறு மாதிரி வளரும். 1799 அக்டோபர் 16-ல் கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கில் போட்டார்கள். அந்த இடத்தில் கும்பெனிக்குப் பயந்து யாரும் மண்டபம் கட்டவில்லை. வழியே போனவர்கள் ஆளுக்கொரு கல்லைப் போட்டுவிட்டுப் போனார்கள், குவியலாகிவிட்டது. டெண்டரும் இல்லை, திறப்பு விழாவும் இல்லை. பிற்பாடு, கட்டபொம்மனாக நடித்த சிவாஜி கணேசன் அங்கே நிலத்தைச் சொந்தப் பணத்தில் வாங்கிச் சிலை வைத்தார். சிலையைப் பார்க்க வருகிறவர்கள் போட்டோ எடுக்கிறார்கள், நல்லதுதான். எனக்கு அந்தக் கல்குவியல் மேலேதான் மனசு. சுடலைமாடன் சாமிக்குக் கட்டுகிற பூடமும் அப்படித்தான். கண் மூக்கு எதுவும் இல்லாத செங்கல் சுண்ணாம்பு வேலை, கொடை விழாவுக்குக் கொடை விழா வெள்ளையடிக்க ஆள் இருக்கிறது, பராமரிப்பு நிதி கேட்டு எவரும் தீர்மானம் போட்டதில்லை. நம் ஊர்ச் சாலையோரக் கலையில் அதற்கு மிஞ்சி எதையும் நான் பார்க்கவில்லை. பயமும் ஒரு காரணம், ஒத்துக்கொள்கிறேன், நடுராத்திரியில் அந்தப் பக்கம் போய்ப் பார்த்தால் தெரியும்.

இப்போது என் பழைய சண்டைக்கு வருகிறேன். கொக்கின் அடியில் கல்வெட்டு இருக்கிறதா? கட்டாயம் இருக்கும். கறுப்புப் பளிங்கில், தலைமை இன்னார், முன்னிலை இன்னார், வார்டு உறுப்பினர்கள் வரிசையாக, செயல் அலுவலர் கடைசியில். செய்த கொத்தனார் பெயர் மட்டும் இருக்காது. தாமிரபரணியில் 1843-ல் திருநெல்வேலியையும் பாளையங்கோட்டையையும் இணைத்துத் திறந்த பாலத்துக்குக் கைக்காசைப் போட்டவர் சுலோச்சன முதலியார். கலெக்டர் ஆபீஸில் சிரஸ்தாராக, அதாவது தலைமை எழுத்தராக, வேலை பார்த்தவர். இன்றைக்கும் அது சுலோச்சன முதலியார் பாலம்தான். பேரைக் கேட்டு யாரோ ஒரு அம்மாள் கட்டியது என்று நினைத்துக்கொண்டிருக்கிற வெளியூர்க்காரர்கள் நிறைய உண்டு, நான் திருத்துவதில்லை. நம் ஆட்கள் நாலு பேர் உட்காருகிற நிழற்குடைக்குச் செலவழிப்பது பொதுப் பணம், பெயர் எழுதுவது பெஞ்சை விடப் பெரிய எழுத்தில்.

ஆகவே மனுவை மாற்றி எழுதுங்கள். கொக்கு இருக்கட்டும், கல்வெட்டில் கொத்தனார் பெயரையும் பெயிண்டர் பெயரையும் சேர்க்கச் சொல்லுங்கள். பிளக்ஸ் வந்த பிறகு சுவரெழுத்துக்காரர்களில் பலர் தூரிகையைக் கீழே வைத்துவிட்டார்கள். உங்கள் ஊரிலும் ஒருவர் சும்மா இருப்பார். அந்த 'ஐ லவ்'வை அழித்துவிட்டு ஊர்ப் பெயரை மட்டும் தமிழில் நன்றாக எழுதச் சொல்லி அவருக்கு ஒரு கூலி கொடுங்கள். ஊரை நேசிக்கிறவன் அதை முக்கில் எழுதி லைட்டா போடுவான்?

கடைசியாக ஒன்று. திருநெல்வேலியிலேயே ஆகச் சிறந்த சிற்பம் ஜங்ஷன் ஈரடுக்குப் பாலம்தான், மேலே பஸ், கீழே பைக் என்று தினமும் ஓடிக்கொண்டே இருக்கிற சிற்பம் அது என்று முன்பு ஒரு இதழில் எழுதியிருந்தேன். இல்லவே இல்லை, எங்கள் ஊர்த் தேவாலயத்து ஊசிக்கோபுரம்தான் என்று பாளையங்கோட்டை வாசகர் ஒருவர் அன்றிலிருந்து இதழ் தவறாமல் கடிதம் போடுகிறார். இந்த மாதக் கடிதமும் வந்து சேர்ந்தது. ஆற்றுக்கு அந்தக் கரையில் இருப்பவர்களிடம் வேறு என்ன எதிர்பார்க்க முடியும்? பிரசுரிக்க இடமில்லை.