மோட்டாரை நிறுத்த ஒரு கை

கேள்வி: என் மகனுக்கு ஐந்து வயது. உடம்பில் பால் கலந்த காபி நிறத்தில் பதினொரு திட்டுகள் இருக்கின்றன. ரத்தப் பரிசோதனையில் ‘என்.எஃப்.1’ மரபணுவில் பிழை, நோய் நியூரோஃபைப்ரோமடோசிஸ் என்கிறார்கள். அது கட்டியை அடக்கும் மரபணுவாம். அப்படியானால் நல்லதுதானே, எப்படி நோய் தரும்? கர்ப்பமாக இருந்தபோது கிரகண நேரத்தில் நான் வெளியே போனதால்தான் என்கிறார் மாமியார். எங்கள் இரு குடும்பங்களிலும் யாருக்கும் இப்படி இல்லை. – பெயர் வேண்டாம் என்ற வாசகி, கரூர்

பதில்: கிரகணத்தை முதலில் முடித்துவிடுவோம். கிரகணத்தையே கண்டுகொள்ளாத நாடுகளிலும் சுமார் 3,000 குழந்தைகளுக்கு ஒன்று இந்தப் பிழையோடு பிறக்கிறது. அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேரின் பெற்றோருக்கு நோய் கிடையாது. பிழை அந்தக் குழந்தையில்தான் தொடங்குகிறது. மிகப் பெரிய மரபணு என்பதால் எழுத்துப்பிழைக்கு இடமும் அதிகம். இப்படிப் புதிதாக நேரும் பிழைகளில் பெரும்பாலானவை விந்தணு உருவாகும்போது நேர்பவை. இதை மாமியாரிடம் சொல்லிச் சண்டை வளர்க்க வேண்டாம். யார் குற்றமும் இல்லை.

உங்களைக் குழப்பியது பெயர்தான். என்.எஃப்.1 மரபணு எல்லோருக்கும் உண்டு. 17-ஆம் குரோமோசோமில், அம்மா தந்தது ஒன்று, அப்பா தந்தது ஒன்று. உங்கள் மகனிடம் அவற்றில் ஒன்று பழுது. அது இருப்பதால் நோய் வரவில்லை, ஒழுங்காக வேலை செய்யாததால் வருகிறது.

என்ன வேலை? மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாரை நினைத்துக்கொள்ளுங்கள். போடுவதற்கு வீட்டில் நான்கு பேர் இருப்பார்கள். நிறுத்த வேண்டும் என்ற நினைப்பு ஒருவருக்குத்தான் இருக்கும். செல்லுக்குள் அந்த சுவிட்ச், ராஸ் என்ற புரதம். ‘வளர்’ என்று வெளியிலிருந்து சேதி வந்ததும், மூன்று பாஸ்பேட் கொண்ட ஒரு சிறு மூலக்கூறைப் பிடித்துக்கொண்டு ராஸ் விழித்துக்கொள்ளும். சேதி அதனிடமிருந்து ராஃப், மெக், எர்க் என்ற அடுத்தடுத்த புரதங்களுக்குக் கைமாறி உட்கருவுக்குப் போகும். செல் பிரியத் தொடங்கும். அந்த மூன்றில் ஒரு பாஸ்பேட்டை வெட்டினால் ராஸ் அடங்கிவிடும். வெட்ட ராஸுக்கே தெரியும், ஆனால் படு சோம்பேறி. என்.எஃப்.1 மரபணு உருவாக்கும் நியூரோஃபைப்ரோமின் என்ற புரதம் கூடவே நின்று, அந்த வெட்டை ஆயிரக்கணக்கான மடங்கு விரைவாக்குகிறது. கட்டியைத் தேடிப் போய் அடிக்கிற போலீஸ்காரர் அல்ல அது. மோட்டாரை நிறுத்துகிற கை, அவ்வளவுதான்.

இதைத் துப்புத் துலக்கிக் கொடுத்தது பன் ரொட்டியைப் பொங்க வைக்கும் ஈஸ்ட் என்பதில் எனக்கு இன்றும் ஒரு மகிழ்ச்சி. 1990-இல் அமெரிக்காவில் மிச்சிகன், யூட்டா ஆய்வுக் குழுக்கள் இந்த மரபணுவைக் கண்டுபிடித்தன. அதன் நடுப்பகுதியைப் படித்தால், ஈஸ்டில் ராஸை அடக்கும் மரபணுவின் சாயல் தெரிந்தது. அந்த மரபணு கெட்ட ஈஸ்டுக்குள் மனிதத் துண்டைச் செருகினார்கள். ஈஸ்டின் ராஸ் அடங்கியது!

மகனுக்கு ஆண்டுதோறும் கண், ரத்த அழுத்தம், முதுகெலும்பு மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். பார்வை நரம்பில் கட்டி வருவதானால் பெரும்பாலும் இந்த வயதில்தான் வரும். கண் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம். பள்ளியில் படிக்கத் திணறினால் சோம்பல் என்று அடிக்காதீர்கள், அதுவும் இந்த நோயின் பகுதியாக இருக்கலாம். திட்டுகள் புற்றுநோயாக மாறுவதில்லை.

கேள்வி: அப்பாவுக்கு வெறும் திட்டுகள். எனக்கோ முதுகெல்லாம் முடிச்சுகள். இருவருக்கும் ஒரே பிழைதான் என்கிறார்கள். அதோடு, ஒரு பிரதி நன்றாக இருக்கும்போது கட்டி ஏன் வருகிறது? – கல்லூரி மாணவர், நாகர்கோவில்

பதில்: நோய்க்குறியியல் துறையில் முப்பத்தொரு ஆண்டு மைக்ராஸ்கோப்பின் முன் உட்கார்ந்திருந்தவள் நான். உங்கள் முடிச்சு போன்ற ஒன்றை மெல்லியதாகச் சீவிச் சாயமேற்றிப் பார்த்தால், காற்றில் நெளியும் நூல் போல உட்கருக்கள் தெரியும். இடையிடையே கொலாஜன் இழைகள், துருவிய காரட்டைக் கொட்டியது மாதிரி. டொலுடின் நீலம் ஊற்றினால் ஊதாப் புள்ளிகளாக மாஸ்ட் செல்கள் துள்ளி எழும். அவை அரிப்பையும் வீக்கத்தையும் கிளப்புகிற செல்கள். நரம்புக் கட்டிக்குள் என்ன வேலை என்று தொடக்கத்தில் எனக்குப் புரியவில்லை.

வீட்டில் மோட்டாரை நிறுத்த இருவர் இருந்து ஒருவர் ஊருக்குப் போய்விட்டால், மற்றவர் சமாளிப்பார். உடம்பு முழுக்க உங்கள் நிலை அதுதான். நரம்புக்கு உறை போடும் ஷ்வான் செல் ஏதோ ஒன்றில், தற்செயலாக இரண்டாவது பிரதியும் கெடுகிறது. அங்கே ராஸ் அடங்காது, தொட்டி வழிகிறது. வழிகிற செல் சும்மாயிராமல் சேதி அனுப்பி மாஸ்ட் செல்களை வரவழைக்கிறது. வருபவற்றிடமும் ஒரு பிரதிதான் நன்றாக இருப்பதால், வழக்கத்தைவிடத் துடுக்காக நடந்துகொண்டு கட்டிக்குத் தீனி போடுகின்றன. வந்த விருந்தாளியும் சேர்ந்து குழாயைத் திறந்துவிட்ட கதை.

இரண்டாவது பிரதி எந்தச் செல்லில், எந்த வயதில், எத்தனை இடத்தில் கெடும் என்பது பெருமளவு தற்செயல். உங்களுக்கும் அப்பாவுக்கும் உள்ள வேறுபாட்டில் அதற்குப் பெரிய பங்குண்டு. தோலில் வரும் மிருதுவான முடிச்சுகள் புற்றாவதில்லை. ஆழத்தில் இருக்கும் கட்டி ஏதாவது திடீரென்று வளர்ந்தாலோ, கல் போல இறுகினாலோ, தூங்கவிடாமல் வலித்தாலோ அந்த வாரமே மருத்துவரிடம் போங்கள். இந்த நோய் உள்ளவர்களில் சுமார் பத்தில் ஒருவருக்கு வாழ்நாளில் நரம்புப் புற்று வருகிறது.

கேள்வி: ‘யானை மனிதன்’ என்று லண்டனில் காட்சிப்பொருளாக வைக்கப்பட்டவருக்கு இந்த நோய்தானே? – வாசகர், மதுரை

பதில்: நெடுங்காலம் அப்படித்தான் நம்பினார்கள். 1890-இல் இறந்த ஜோசப் மெரிக்குக்கு இருந்தது புரோட்டியஸ் நோய்க்குறி என்ற வேறொரு நோய் என்பதே இப்போது பெரும்பாலோர் கருத்து. அவர் படத்தைக் காட்டி என்.எஃப்.1 குழந்தைகளின் பெற்றோரைப் பயமுறுத்துகிறவர்கள் நிறுத்திக்கொள்ளலாம்.

கேள்வி: என் மகளின் கழுத்தில் நரம்புகளோடு பின்னிக்கிடக்கும் கட்டி. அறுக்க முடியாதாம். மாத்திரை உண்டு என்று கேள்விப்பட்டேன், உண்மையா? – வாசகர், ஈரோடு

பதில்: உண்மை. செலுமெடினிப். அறுக்க முடியாத இத்தகைய பின்னல் கட்டிகளுக்காக 2020-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பழுதான மரபணுவை அது தொடுவதில்லை, ராஸையும் தொடுவதில்லை. மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். கீழே மெக் என்ற இடத்தில் கேட் வால்வை இறுக்குகிறது. ஆய்வில் சேர்ந்த 50 குழந்தைகளில் 35 பேருக்குக் கட்டியின் பருமன் ஐந்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ குறைந்தது. முழுதாக மறைந்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். மருந்தை நிறுத்தினால் மீண்டும் வளரக்கூடும் என்பதையும் தெரிந்துகொண்டு தொடங்குங்கள். இதயத்தையும் கண்ணையும் அவ்வப்போது சோதிக்க வேண்டும். வயிற்றுப்போக்கு, தோல் தடிப்பு, நகச்சுத்து வரலாம். நகச்சுத்து வந்தால் விரலில் எலுமிச்சம்பழத்தைச் செருகிவிட்டுக் காத்திருக்காமல், மருந்து எழுதியவரிடம் அன்றே காட்டுங்கள்.