வானம் இருண்டாலே மகள் காதைப் பொத்துகிறாள்

அன்புள்ள ஆலோசகருக்கு,

எங்கள் ஊர் ஏரல் பக்கம். 2023 டிசம்பரில் தாமிரபரணி வெள்ளம் வீட்டுக்குள் ஏறியபோது, பக்கத்து வீட்டு மொட்டை மாடியில் பிள்ளைகளோடு இரண்டு நாள் கிடந்தோம். மகளுக்கு அப்போது ஏழு வயது. ஒன்பது மாதம் ஆகியும் வானம் இருண்டால் காதைப் பொத்திக்கொள்கிறாள். பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்கிறாள். எப்போதோ நின்றுபோன படுக்கையை நனைக்கும் பழக்கம் திரும்ப வந்துவிட்டது. பொம்மையை வாளித் தண்ணீரில் முக்கி முக்கி விளையாடுகிறாள். “இனிமே வெள்ளம் வராதுல்லம்மா?” என்று தினமும் கேட்கிறாள், வராது என்றே சொல்கிறேன். பயந்த கோளாறு, மந்திரித்துத் திருநீறு போடு என்கிறார் அத்தை. கணவர் அதட்டுகிறார், வாழை போனதிலிருந்து அவருக்கும் தூக்கமில்லை. ஐப்பசி நெருங்குகிறது. என்ன செய்வது?

அன்புச் சகோதரிக்கு,

முதலில் அந்தப் பதிலை மாற்றுங்கள். டிவியில் ஒரு ‘ரெட் அலர்ட்’ வந்தால் “வராது” என்ற வாக்கு உடைந்துவிடும். அதன்பின் நீங்கள் சொல்லும் வேறு ஆறுதலையும் அவள் நம்ப மாட்டாள். “மழை வரும். எப்பவாவது வெள்ளமும் வரலாம். வந்தா எங்க போகணும்னு நமக்குத் தெரியும்” என்று சொல்லுங்கள்.

அப்படிச் சொல்ல ஒரு திட்டம் வேண்டும். பாபநாசம், மணிமுத்தாறு அணைகளில் உபரிநீர் திறப்பதாக எச்சரிக்கை வந்தால், இருட்டும்வரை காத்திராமல் பகலிலேயே கிளம்புவது. எந்த வீட்டுக்கு, பாட்டியை யார் கூட்டிவருவது என்பதை அவளை வைத்துக்கொண்டே முடிவுசெய்யுங்கள். அவளுக்கென ஒரு பை: டார்ச், விசில், ஒரு செட் உடை, பிஸ்கட், பிடித்த பொம்மை, பெற்றோர் பெயரும் இரண்டு போன் எண்களும் எழுதிய தாள் பாலிதீன் கவரில். ரேஷன் கார்டு, ஆதார் எல்லாம் பெரியவர்கள் பொறுப்பு. வெயில் நாளில் இரண்டு முறை நடந்து பார்த்துவிடுங்கள். முகாமுக்குப் போக நேர்ந்தால், பத்திரம் என்று நினைத்து அவளை மட்டும் வெளியூர்ச் சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பாதீர்கள். பிரிவு அந்தப் பயத்தை இன்னும் கூட்டும்.

மழைச் சத்தத்துக்குப் பழக்குவதில் அவசரம் கூடாது. போனில் மழைச் சத்தத்தை மிகக் குறைவாக வையுங்கள். வால்யூம் பட்டன் அவள் கையில் இருக்கட்டும். பத்துக்கு எத்தனை பயம் என்று கேளுங்கள். ஆறு என்றால், மூன்றாகக் குறையும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருங்கள். மூக்கால் நான்கு எண்ணி இழுத்து, வாயால் ஆறு எண்ணி விடும் மூச்சை முன்கூட்டியே, பயமில்லாத நேரத்தில் பழக்குங்கள். பயந்த பிறகு கற்றுக்கொடுத்தால் ஏறாது. தினம் பத்து நிமிடம் போதும். பிறகு ஜன்னல் வழியே தூறல், அடுத்து திண்ணை, அப்புறம் குடையோடு தெருமுனைவரை. பயம் உச்சத்தில் இருக்கும்போது பதறிப்போய் நிறுத்துவதுதான் பலரும் செய்வது. அப்போது, ஓடினால்தான் தப்பிக்கலாம் என்று மனம் பதித்துக்கொள்ளும். ரொம்பவும் தாங்கவில்லை என்றால் ஒரு படி இறங்கி, அங்கே அமைதியான பிறகு முடியுங்கள்.

வாளி விளையாட்டைத் தடுக்க வேண்டாம். நடந்ததை அவள் மனம் அப்படித்தான் செரித்துக்கொள்கிறது. ஆனால் ஒவ்வொரு முறையும் பொம்மை மூழ்குவதோடே முடிந்தால், நீங்களும் உட்கார்ந்து “யார் வந்து தூக்குவாங்க?” என்று கேளுங்கள். படகோ கயிறோ அவளே கொண்டுவரட்டும். பழைய வெள்ள வீடியோக்களை அவள் பார்க்கும்படி ஓடவிடாதீர்கள்.

படுக்கை நனைவதற்கு அதட்டல் மருந்தல்ல, அது பயத்தைத்தான் கூட்டும். நின்றது திரும்பியிருப்பதால், சிறுநீர்த் தொற்றோ சர்க்கரையோ உண்டா என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் சோதித்துவிடுங்கள். தூங்கப்போகும் முன் சிறுநீர் கழிக்க வையுங்கள். மெத்தைக்கு ரப்பர் ஷீட் போடுங்கள்.

பள்ளிக்கு வீட்டில் யாராவது கூடப் போகட்டும். மழை வந்தால் யார் எப்போது அழைத்துப்போவார்கள் என்பது டீச்சருக்கும் அவளுக்கும் தெரிந்திருக்க வேண்டும். வீட்டில் நிறுத்திவைக்கும் ஒவ்வொரு நாளும் மறுநாள் போவதைக் கடினமாக்கும்.

திருநீறு அவளுக்கு ஆறுதல் தருமானால் பூசலாம். வேப்பிலையால் அடிப்பது, பேய் என்று மிரட்டுவது கண்டிப்பாகக் கூடாது.

பெரும்பாலான பிள்ளைகள் சில வாரங்களில் தேறிவிடுவார்கள். ஒன்பது மாதம் நீண்ட காலம். அதனால் வீட்டு முயற்சியோடு தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவிலும் காட்டுங்கள். சாக வேண்டும் என்று பேசினாலோ, பேச்சையே நிறுத்தினாலோ, தன்னைக் காயப்படுத்திக்கொண்டாலோ அன்றே போங்கள்.

உங்கள் கணவரையும் கவனியுங்கள். அவர் முகத்தைப் பார்த்துத்தான் ஆபத்து இருக்கிறதா என்று பிள்ளை அளக்கிறாள். “நீங்க மாறணும்” என்று தொடங்காமல், “உங்களுக்கும் தூக்கம் வரலையே, பேசிப் பார்ப்போமா?” என்று கேளுங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸ் எண் 14416. இலவசம், இரவிலும் தமிழில் பேசலாம். முதல் அழைப்பை நீங்களே செய்து போனை அவரிடம் கொடுக்கலாம்.