பொது முகாமையாளரே தலைமைப் பயிற்றுநர் ஆகலாமா?

ஒரு கூடைப்பந்து அணியில் வீரர்களை எடுப்பதையும் விடுவதையும் தீர்மானிக்கும் பொது முகாமையாளரே தலைமைப் பயிற்றுநராகவும் வரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வரலாம். ஆனால் இரண்டு கதிரையிலும் நெடுநாள் இருக்கக் கூடாது.

எல்லாரும் காட்டும் உதாரணம் கிரெக் போபோவிச். அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்துத் தொடரில் ஆடும் சான் அன்ரோனியோ ஸ்பேர்ஸ் அணியின் முகாமையாளராக இருந்தவர். 1996 டிசம்பரில் அணி 3 வெற்றி, 15 தோல்வி என்று கிடந்தபோது பயிற்றுநரை நீக்கிவிட்டுத் தானே இறங்கினார். அந்தப் பருவம் 62 தோல்வியோடு முடிந்தது. அதன் பலனாக, அதிர்ஷ்டமும் கைகொடுக்க, தோற்ற அணிகளுக்கு முன்வாய்ப்புத் தரும் 1997 புதிய வீரர் தெரிவில் முதலிடம் வாய்த்து டிம் டங்கன் வந்தார். 1999இல் கிண்ணமும் வந்தது. ஆனால் 2002இல் முகாமையாளர் பதவியை ஆர்.சி. பியூபோர்டிடம் விட்டார் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மற்ற 4 கிண்ணங்களும் அதற்குப் பிறகுதான்.

அதே தொடரின் கிளிப்பர்ஸ் அணியில் டொக் ரிவர்ஸ் பயிற்றுநர் பதவியோடு வீரர்களை எடுக்கும் நிர்வாகத் தலைமையையும் வைத்திருந்தார். சொந்த மகனையே அணிக்கு எடுத்தார். 2017இல் நிர்வாகப் பொறுப்பு அவரிடமிருந்து போனது.

சிக்கல் எங்கே? பயிற்றுநருக்கு இன்றைய ஆட்டம் முக்கியம். முகாமையாளருக்கு மூன்று வருடம் கழித்து வரும் அணி. அப்புறம், வீரரின் பயம். யாழ்ப்பாணத்தில் நான் ஆடிய கழகத்தில் செயலாளரே பயிற்றுநர். ஒரு பின்னேரம் முழங்கால் வீங்கியிருந்தும் நான் வாய் திறக்கவில்லை. அடுத்த வருடப் பெயர்ப்பட்டியல் அவர் சட்டைப்பையில் மடிந்து கிடந்தது. வலியோடு ஓடினேன், இரண்டு மாதம் ஆட முடியவில்லை.

வேறு வழியில்லை என்றால் பருவம் முடியும் வரை மட்டும் இறங்கட்டும். வீரர்களை வைப்பதா விடுவதா என்ற முடிவை அதுவரை வேறொருவர் கையில் கொடுக்க வேண்டும்.