ஜப்பானில் ஓய்வு கொடுக்கப்படும் மின்சார ரயில்கள் என்ன ஆகின்றன? உடைத்துவிடுவார்களா?

பெரும்பாலானவற்றை உடைத்துவிடுகிறார்கள். ஆனால் உடைபடாமல் கடல் கடந்து போன ஒரு ரயிலில் நான் இரண்டு ஆண்டுகள் தினமும் வேலைக்குப் போய்வந்திருக்கிறேன். ஜகார்த்தாவின் போகோர் பாதையில் ஓடும் 205 வரிசை என்னும் ஜப்பானிய ரயில் வகையைச் சேர்ந்தது அது.

1985இல் டோக்கியோவின் யமானோதே வட்டப் பாதையில் அந்த வகை ஓடத் தொடங்கியது. ஜப்பான் தேசிய ரயில்வே கடனில் மூழ்கியிருந்த காலம். இரண்டே ஆண்டுகளில் அது பல நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டது. செலவைக் குறைக்கத்தான் எடை குறைந்த, துருப்பிடிக்காத எஃகில் பெட்டிகளைக் கட்டினார்கள். உடல் முழுவதும் வண்ணம் பூசும் வேலை இல்லை. எந்தப் பாதையில் ஓடுகிறதோ அந்தப் பாதையின் நிறத்தில் ஒரு பட்டை போதும். பிரேக் பிடிக்கும்போது மோட்டாரே மின்சாரம் உண்டாக்கி மேலே உள்ள கம்பிக்குத் திருப்பி அனுப்பும். சிக்கனத்துக்காகத் தேர்ந்தெடுத்த அந்த எஃகுதான் அதற்கு இத்தனை நீண்ட ஆயுளைத் தந்தது என்பது என் எண்ணம்.

2005இல் யமானோதேயிலிருந்து அது விடைபெற்றது. அதற்கு முன்பிருந்தே அங்கிருந்து பல ரயில்களை டோக்கியோவின் இன்னொரு பாதையான முசாஷினோவுக்கு மாற்றிவந்தார்கள். அவற்றில் பெரும்பாலானவற்றின் பழைய நேர்மின் மோட்டார்களைக் கழற்றிவிட்டு, நேர்மின்சாரத்தை மாறுமின்சாரமாக்கும் இன்வெர்ட்டரும் மாறுமின் மோட்டார்களும் பொருத்தினார்கள். அங்கேயும் முறை முடிந்ததும் ஜகார்த்தா. டோக்கியோவின் சைக்யோ பாதையில் ஓடிய இதே வகை ரயில்கள் 2013இலேயே போய்ச் சேர்ந்திருந்தன. முசாஷினோ ரயில்கள் 2018 முதல் 2020 வரை கப்பலேறின. மொத்தம் 800க்கும் மேற்பட்ட பெட்டிகள்.

ஏன் ஜகார்த்தா? இரண்டு ஊர்களிலும் தண்டவாள அகலம் 1067 மில்லிமீட்டர். கம்பியில் ஓடுவது 1500 வோல்ட் நேர்மின்சாரம். டோக்கியோ மாநகரச் சுரங்க ரயிலின் 72 பெட்டிகள் 2000இல் நன்கொடையாக வந்தபோதே இந்த வழி திறந்துவிட்டது. நடைமேடைகள் தாழ்வாக இருந்ததால் கதவுகளுக்குக் கீழே படிகள் வைத்தார்கள். கல்லெறிக்குப் பயந்து ஓட்டுநரின் கண்ணாடிக்கு முன்னால் கம்பி வலை போட்டார்கள்.

"வேண்டாத சாமானைத் தள்ளிவிட்டார்கள்" என்று சொல்பவர்களை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஒரு காலத்தில் கூரைமேல் ஆட்கள் உட்கார்ந்து பயணம் செய்த பாதை அது. இன்று அதே பாதையில் 12 பெட்டிகள் கோர்த்த குளிரூட்டப்பட்ட ரயில் ஓடுகிறது. ரயிலை விற்ற ஜப்பானிய நிறுவனம் தன் ஆட்களை அனுப்பிப் பராமரிப்பும் கற்றுக்கொடுத்தது. அந்தப் பராமரிப்பு இல்லையென்றால் எப்பேர்ப்பட்ட எஃகும் நாலு வருஷம் தாங்காது.

2023இல் இன்னும் பழைய ரயில்களை வாங்க ஜகார்த்தா நிர்வாகம் அனுமதி கேட்டது. உள்நாட்டுத் தொழிலை வளர்க்க வேண்டும் என்று அரசு மறுத்துவிட்டது. 2025இல் சீனாவிலிருந்து புது ரயில்கள் வந்து இறங்கத் தொடங்கின. அரசின் நியாயம் புரிகிறது. ஆனாலும் எனக்கு வருத்தம்தான்.

பெட்டியின் கோடிச் சுவரில், கதவுக்கு மேலே, உள்ளங்கை நீளத்தில் ஒரு தகடு இருக்கும். ஜப்பானிய மொழி படித்த சக ஊழியர் ஒருநாள் அதை எனக்கு வாசித்துக் காட்டினார்: ஷோவா 62. ஜப்பானியப் பேரரசர் காலக் கணக்கில் எழுதிய ஆண்டு; அதாவது 1987, நான் பிறந்த வருஷம். அதன் பிறகு இடம் கிடைத்த நாள்களிலும் அந்தத் தகட்டுக்குக் கீழேதான் நின்றுகொண்டு போவேன்.