மைனஸ் இருபதில் சைக்கிள் – கடிதம்

அன்புள்ள சார்,

வணக்கம். திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்துகிறேன். சிறிய யூனிட்தான். என் மகள் வரும் ஆகஸ்ட்டில் ஃபின்லாந்தில் ஔலு பல்கலைக்கழகத்தில் எம்.எஸ். சேர்கிறாள். அங்கே படிக்கும் பிள்ளைகளிடம் பேசிவிட்டு, போனதும் ஒரு பழைய சைக்கிள் வாங்கிக்கொள்வதாக முடிவே செய்துவிட்டாள். குளிர்காலத்திலும் அதில்தான் வகுப்புக்குப் போவாளாம். மைனஸ் இருபது, இருபத்தைந்து எல்லாம் வரும் என்று போட்டிருக்கிறது. எங்கள் வீட்டு ஃப்ரீசரே மைனஸ் பதினெட்டுதான் சார். அதற்குள் உட்கார்ந்து சைக்கிள் மிதிப்பதா? தாடியெல்லாம் ஐஸ் பிடித்தபடி ஓட்டுகிறவர்களின் வீடியோ பார்த்ததிலிருந்து எனக்குத் தூக்கம் வரவில்லை. பஸ் பாஸ் எடுத்துத் தருகிறேன் என்றால் சிரிக்கிறாள். அவள் அம்மா முகத்தில் தடவ நாலு பாட்டில் தேங்காய் எண்ணெய் எடுத்து வைத்துவிட்டாள். நான் என் பங்குக்கு நல்ல கனமான பருத்தி இன்டர்லாக் பின்னல் துணியில் உள்ளே போடுகிற செட் தைக்கச் சொல்லியிருக்கிறேன். நீங்கள் அந்த ஊரிலேயே இருப்பவர். இது நடக்கிற காரியமா? பெண் பிள்ளை, இருட்டில் தனியாக வேறு.

க., திருப்பூர்

அன்புள்ள க. அவர்களுக்கு,

மகளுக்கு என் வாழ்த்துகள். சைக்கிள் வாங்கட்டும். பஸ் பாஸையும் எடுத்துக் கொடுங்கள். இரண்டும் வேண்டும், ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

அந்தத் தாடி வீடியோக்களை முதலில் மறந்துவிடுங்கள். வேறு ஒரு படம் தேடிப் பாருங்கள். இங்கே மெட்சோகாங்காஸ் என்ற பகுதியில் ஒரு பள்ளிக்கூடம். மைனஸ் 17 டிகிரி இருந்த ஒரு நாளில் அதன் வாசலில் எடுத்த படம் உலகம் முழுக்கச் சுற்றியது. 1,200 பிள்ளைகளில் ஆயிரம் பேர் போல அன்றைக்கும் சைக்கிளில்தான் வந்திருந்தார்கள். ஏழு எட்டு வயதுக் குழந்தைகளும் அவர்களில் உண்டு. எவரும் சாகசம் செய்யவில்லை, பள்ளிக்கூடம் போனார்கள், அவ்வளவுதான். என் தெருவில் எழுபதைத் தாண்டிய ஒரு அம்மா முன்கூடையில் பால் பாக்கெட்டும் உருளைக்கிழங்கும் வைத்துக்கொண்டு ஜனவரியில் சைக்கிளில் போகிறார். அவரிடம் போய் துணிச்சல்காரி என்று சொன்னால் விழிப்பார்.

இது எப்படி நடக்கிறது என்றால், ரோட்டினால் நடக்கிறது. இந்த ஊரில் நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்குமாகத் தனிப்பாதை 900 கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. பெரிய சாலைகளைக் கடக்க 300-க்கும் மேல் சுரங்கப்பாதைகள். உங்கள் மகள் வீட்டிலிருந்து கல்லூரி வரை பெரும்பாலும் காருக்குப் பக்கத்தில் போகவே வேண்டியிருக்காது. இரவில் பனி கொட்டினால் முக்கியப் பாதைகளில் காலை வேலைக்கு ஆட்கள் கிளம்புவதற்குள் வண்டி வந்து தள்ளிவிட்டுப் போயிருக்கும். அதுவும் தார் தெரியச் சுரண்டுவதில்லை. அடியில் ஒரு அடுக்குப் பனியை அழுத்தி விட்டுவிடுவார்கள், மேலே பல் வைத்த தகட்டால் கோடு கோடாகக் கீறி, சல்லிப் பொடி தூவுவார்கள். உப்பைக் கொட்டி உருக்கும் வேலை சைக்கிள் பாதையில் பொதுவாகக் கிடையாது. மைனஸ் பத்துக்குக் கீழே போனால் உப்பு சரியாக வேலையும் செய்யாது. அதற்கு மேலே வேலை செய்தால் பாதை சேறாகும், செயின் துருப்பிடிக்கும்.

1900-இல் அலாஸ்காவின் நோம் கடற்கரையில் தங்கம் கிடைக்கிறது என்று ஊரே அங்கே ஓடியது. கனடாவின் டாசனில் இருந்த சிலர் சைக்கிளிலேயே கிளம்பினார்கள். உறைந்த யூக்கான் ஆற்றின் மேல், ஆயிரம் மைல் தூரம். எட் ஜெஸன் என்பவர் அப்படிப் போய்ச் சேர்ந்தார். குளிரில் டயர் விறைத்துப்போய், பால்ரஸில் இருந்த எண்ணெயும் உறைந்துவிட்டதாம். மாக்ஸ் ஹிர்ஷ்பெர்க் என்ற இன்னொருவருக்கு ஊர் நெருங்கும்போது செயின் அறுந்தது. மனிதர் தன் கோட்டைக் குச்சியில் கட்டிப் பாய்மரமாக விரித்து, கடல் ஐஸின் மேல் காற்றிலேயே சைக்கிளைத் தள்ள வைத்தார். இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், அவர்கள் புதுப்பனியில் ஓட்டவில்லை. நாய்கள் இழுத்த சறுக்குவண்டிகள் போய்ப் போய் இறுகிய தடத்தில்தான் ஓட்டினார்கள். பனி இறுகி இருந்தால் சைக்கிள் போகும். தளர்ந்து கிடந்தால் உருட்டிக்கொண்டுதான் போக வேண்டும்.

இதிலிருந்து நீங்கள் ஒன்றைப் பிடித்துக்கொள்ளலாம். பயப்பட வேண்டியது மைனஸ் இருபதுக்கு இல்லை, பூஜ்யத்துக்கு.

மைனஸ் இருபதில் பனி உலர்ந்து, கெட்டியாக, டயருக்கு அடியில் நறநறவென்று சத்தம் போடும். பிடிப்பு நன்றாக இருக்கும். பிரேக் பிடித்தால் வண்டி நிற்கும். ஆனால் பூஜ்யத்தை ஒட்டி வந்துவிட்டால் எல்லாம் கெட்டுப்போகும். பகலில் பனி இளகிக் கூழாகும். அதில் நடந்தவர்களின் கால்தடமும் டயர் தடமும் இரவில் அப்படியே உறையும். காலையில் பார்த்தால் பாதை முழுக்க மேடும் பள்ளமுமாகக் கண்ணாடி வரப்புகள். முன்சக்கரம் ஒரு வரப்பில் இறங்கிவிட்டால் ஹேண்டில்பார் நம் பேச்சைக் கேட்காது. இதைவிட மோசமானது, ஐஸின் மேல் மழை பெய்வது. ஈரமான ஐஸில் நிற்பதே கஷ்டம். இங்கே சைக்கிளில் விழுந்து கையில் கட்டுப் போட்டுக்கொண்டவர்களைக் கேளுங்கள், நவம்பர் என்பார்கள் அல்லது மார்ச் கடைசி என்பார்கள்.

அதனால் அவள் காசு செலவழிக்க வேண்டிய இடம் ஆணி டயர். ரப்பர் பட்டன்களுக்கு நடுவே டங்ஸ்டன் கார்பைடு முனை வைத்த சிறு ஆணிகள் பதித்திருப்பார்கள். ஒரு டயருக்கு நூற்றுச் சொச்சமும் உண்டு, 240 வைத்ததும் உண்டு. தினமும் ஓட்டுகிறவளுக்கு 240 நல்லது. இரண்டு சக்கரத்துக்கும் போடட்டும். கையில் காசு இல்லையென்றால் முதலில் முன்சக்கரத்துக்கு. பின்சக்கரம் சறுக்கினால் காலை ஊன்றிச் சமாளிக்கலாம், முன்சக்கரம் சறுக்கினால் யோசிக்கவே நேரம் இருக்காது. புது டயரைப் பனி விழும் முன்பே மாட்டி, வெறும் தார் ரோட்டில் நாற்பது ஐம்பது கிலோமீட்டர் நிதானமாக ஓட்ட வேண்டும், திடீர் பிரேக் போடாமல். அப்போதுதான் ஆணிகள் ரப்பரில் நன்றாக உட்காரும். செப்டம்பரிலேயே வாங்கச் சொல்லுங்கள். முதல் பனி விழுந்த அன்றைக்குத்தான் ஊரில் எல்லாருக்கும் ஆணி டயர் ஞாபகம் வரும்.

சரி, குளிர். நீங்கள் சொன்ன ஃப்ரீசருக்குள் காற்று வீசுவதில்லை, இங்கே வீசும். வீசாவிட்டாலும் சைக்கிளில் போகும்போது நாமே காற்றை உண்டாக்கிக்கொள்கிறோம். மைனஸ் இருபதில் இருபது கிலோமீட்டர் வேகத்தில் போனால் முகத்துக்கு அது மைனஸ் முப்பது. இந்தக் கணக்கை 2001-இல் கனடாவும் அமெரிக்காவும் சேர்ந்து திருத்தின. டொராண்டோவில் தன்னார்வலர்களைக் குளிர்காற்றுக் கூடத்தில் நடக்கவிட்டு, அவர்கள் முகத்தில் வெப்பம் இழப்பதை அளந்தார்கள். இந்த மைனஸ் முப்பது மூடாத தோலுக்கு மட்டும்தான், பத்திலிருந்து முப்பது நிமிடத்துக்குள் அது உறையத் தொடங்கலாம். மூடியிருந்தால் கவலை இல்லை. மெதுவாகப் போனாலும் குளிர் குறையும், இதை யாரும் சொல்லித் தருவதில்லை.

இப்போது உங்கள் தொழிலில் கை வைக்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்தப் பருத்தி இன்டர்லாக் வேண்டாம். சைக்கிள் மிதிக்கிறவருக்குக் குளிரைவிட வியர்வைதான் எதிரி. ஐந்து நிமிடம் மிதித்தால் உடம்பு சூடாகிவிடும். பருத்தி அந்த வியர்வையைக் குடித்து வைத்துக்கொள்ளும், விடாது. நிறுத்தத்தில் நின்றதும் முதுகில் ஈரத்துணி ஒட்டி நடுங்க வைக்கும். துணி கனமாக இருந்தால் இன்னும் மோசம், அவ்வளவு அதிகமாகக் குடிக்கும், அவ்வளவு தாமதமாகக் காயும். துணியின் எடையைச் சொல்லும் ஜி.எஸ்.எம். கணக்கெல்லாம் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உடம்பை ஒட்டி மெரினோ கம்பளி, இல்லையென்றால் மெல்லிய பாலியஸ்டர் நிட். அதன் மேல் ஒரு கம்பளிச் சட்டை. அதற்கும் மேல் காற்றுப் புகாத, ஆனால் தடிமனில்லாத ஜாக்கெட். வீட்டை விட்டு வெளியே வந்ததும் லேசாகக் குளிர வேண்டும். வாசலிலேயே கதகதப்பாக இருந்தால் அதிகமாகப் போட்டிருக்கிறாள் என்று அர்த்தம். நம் பிள்ளைகள் முதல் வருடம் எல்லாருமே பொம்மை போல உருண்டு திரண்டு கிளம்பி, கல்லூரிக்கு நனைந்துபோய் வந்து சேர்வார்கள்.

கைக்கு ஐந்து விரலும் தனித்தனியாக இருக்கும் உறை வேண்டாம். நான்கு விரலும் ஒன்றாக இருக்கும் மிட்டன்தான் சூடு காக்கும். காலுக்கு ஒரு சைஸ் பெரிய பூட், உள்ளே கம்பளி சாக்ஸ். பூட் இறுக்கமாக இருந்தால் எத்தனை சாக்ஸ் போட்டாலும் விரல் மரத்துப்போகும். தொடைக்கு, பேண்ட்டுக்கு உள்ளே ஒரு நீள உள்கால்சட்டை கட்டாயம், ஜீன்ஸ் மட்டும் போட்டால் போதாது. கழுத்துத் துணியின் நுனியை ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொள்ளட்டும். இன்னொன்று, தலைக்குக் குளித்துவிட்டு ஈரக்கூந்தலோடு கிளம்பக் கூடாது. தொப்பிக்கு வெளியே இருக்கும் முடி பாதி வழியில் விறைத்துக் குச்சியாகிவிடும்.

தேங்காய் எண்ணெய் விஷயத்தை உங்கள் வீட்டில் எப்படிச் சொல்வீர்களோ தெரியவில்லை. முதலில், அது 24 டிகிரிக்குக் கீழே கட்டிதட்டும் பொருள். இங்கே வீட்டுக்குள்ளேயே 21 டிகிரிதான். அது கிடக்கட்டும். ஃபின்லாந்து ராணுவத்தில் கட்டாயப் பயிற்சிக்கு வரும் பையன்களை வைத்து 1990-களில் ஆய்வு செய்தார்கள். முகத்தில் களிம்பு தடவியவர்களுக்கு, குளிரில் தோல் உறைந்து வரும் உறைபுண் குறையவில்லை, கூடத்தான் செய்தது. தடவியாயிற்று, இனி ஒன்றும் ஆகாது என்று காதையும் மூக்கையும் திறந்துபோட்டு நின்றிருப்பார்கள். எண்ணெய் தலைக்கு இருக்கட்டும், முகத்துக்குத் துணி. கன்னத்தில் வெள்ளையாக ஒரு திட்டு விழுந்து உணர்ச்சி இல்லாமல் போனால், மிட்டனைக் கழற்றி உள்ளங்கையை அதன் மேல் வைத்துக்கொள்ள வேண்டும். தேய்க்கக் கூடாது.

சைக்கிள் பற்றிக் கொஞ்சம். பாசத்தில் அதை அறைக்குள் கொண்டுபோய் வைக்கக் கூடாது. ஒட்டியிருக்கும் பனி உருகி, தண்ணீர் பிரேக் கேபிளுக்குள்ளும் ஃப்ரீவீலுக்குள்ளும் இறங்கும். மறுநாள் வெளியே எடுத்ததும் உறையும். பிரேக் பிடிக்காது, அல்லது பிடித்தது விடாது. ஃப்ரீவீலுக்குள் ஸ்பிரிங்கில் நிற்கும் சின்னக் கொக்கிகள் ஒட்டிக்கொண்டால் பெடல் சும்மா சுற்றும், வண்டி நகராது. கிரீஸ் குளிரில் இறுகினாலும் இதே கதைதான். மாணவர் குடியிருப்புகளில் சூடேற்றாத சைக்கிள் கொட்டகை இருக்கும், அங்கேயே கிடக்கட்டும். பழைய சைக்கிள் வாங்கும்போது, பெடலைப் பின்பக்கம் மிதித்தால் பிடிக்கும் பிரேக் உள்ளதாகப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள். பிரேக் ஹப்புக்குள் இருப்பதால் பனி அதைத் தொடாது, உறைவதற்குக் கேபிளும் கிடையாது. காற்றை அறைக்குள் வைத்து 60 பாயிண்ட் அடித்தால் மைனஸ் இருபதில் அது 50 ஆகிவிடும். பங்க்சர் என்று பயப்பட வேண்டாம், காற்று சுருங்கியதுதான். செல்போனை உள்பையில் வைத்துக்கொள்ள வேண்டும், வெளிப்பையில் இருந்தால் சார்ஜ் இருக்கும்போதே அணைந்துவிடும்.

இருட்டு பற்றிக் கேட்டிருந்தீர்கள். டிசம்பர் கடைசியில் இங்கே சூரியன் மூன்றரை மணி நேரம்தான் இருக்கும், அதுவும் அடிவானத்தை விட்டு அதிகம் எழும்பாது. முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு இரண்டும் சட்டப்படி கட்டாயம். பாதைகளில் தெருவிளக்கு உண்டு, கூடவே பனியின் வெளிச்சமும் இருக்கும். தனியாகப் போவதைப் பற்றி நான் கவலைப்பட மாட்டேன், இங்கே குழந்தைகளே தனியாகத்தான் போகிறார்கள். எனக்கு உண்மையில் கவலை தருவது நவம்பர்தான். அப்போது பனியும் நிலைத்திருக்காது, எல்லாம் கறுப்பாக, ஈரமாக இருக்கும்.

பஸ் பாஸ் இதற்குத்தான். விழுந்ததும் ஐஸாகிற உறைமழை பெய்கிற நாளிலும், மைனஸ் 25-க்குக் கீழே காற்றும் சேர்ந்துகொள்ளும் நாளிலும் சைக்கிளைத் தொடக் கூடாது. அவளுக்கு வீசிங் தொந்தரவு ஏதும் இருந்தால் அந்த எல்லையை இன்னும் மேலே வைத்துக்கொள்ளட்டும். உலர்ந்த குளிர்காற்றை வேகமாக இழுத்து மூச்சு விடுவது அந்த நெஞ்சுக்கு ஆகாது, கிளம்பும் முன்பே மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

ஆகஸ்ட்டில் அவள் வந்து இறங்கியதும் எனக்கு எழுதச் சொல்லுங்கள். அந்த மாதம் படிப்பு முடித்து ஊர் திரும்பும் பிள்ளைகள் சைக்கிளை மலிவாக விற்றுவிட்டுப் போவார்கள், சிலவற்றில் ஆணி டயரும் சேர்ந்தே வரும். ஆணி பாதிக்கு மேல் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்கத் தெரியாமல் வாங்கிவிட வேண்டாம், நான் கூட வந்து பார்க்கிறேன்.