டிக்கெட் போட்டாச்சு, இனி என்ன செய்வது?

கட்டாயத் திருமணம் பற்றி வெளிநாடுகளில் வாழும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, சட்ட உதவியிலும் குழந்தைகள் பாதுகாப்பிலும் பணிபுரிவோர் பதிலளிக்கிறார்கள். கேட்டவர்களின் பெயர்களை வெளியிடவில்லை.

கேள்வி: என் வகுப்பில் படிக்கும் 16 வயதுப் பெண், "பாட்டிக்கு உடம்பு சரியில்லன்னு லீவுக்கு ஊருக்குக் கூட்டிட்டுப் போறாங்க. ஆனா அங்க எனக்குக் கல்யாணம் பேசி முடிச்சிட்டாங்கன்னு தோணுது மிஸ்" என்றாள். பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசிப் பார்க்கலாமா? (ஆசிரியை, லண்டன்)

தயவுசெய்து கூப்பிடாதீர்கள். பள்ளியிலிருந்து அழைப்பு போன அன்றே அவள் கைபேசி பறிபோகும். அடுத்த மாதம் இருந்த பயணம் நாளைக்கே நடந்துவிடும். கோயில் நிர்வாகி, குடும்ப நண்பர், நல்ல மனசுள்ள மாமா என்று யாரை நடுவில் விட்டாலும் இதுதான் நடக்கும். இப்படிப்பட்ட பிள்ளைகள் வெளியாள் ஒருவரிடம் வாய் திறப்பது பெரும்பாலும் ஒரே ஒரு முறைதான். அதை உங்களிடம் திறந்திருக்கிறாள்.

அன்றைக்கே, தனி அறையில் அவளோடு உட்காருங்கள். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். காப்பாற்ற முடியாத வாக்கு அது. யாரிடம் சொல்லப் போகிறீர்கள், ஏன் என்பதை அவளிடமே சொல்லிவிடுங்கள். பயணத் தேதி, விமான எண், திரும்பி வர டிக்கெட் இருக்கிறதா, போய்த் தங்கும் வீடு எது, அக்காமார் யாருக்காவது இப்படி நடந்ததா என்பதையெல்லாம் குறித்துக்கொண்டு, பள்ளியின் குழந்தைப் பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் அப்போதே போங்கள். பிரிட்டிஷ் வெளியுறவுத் துறையும் உள்துறையும் சேர்ந்து நடத்தும் கட்டாயத் திருமணப் பிரிவின் எண் 020 7008 0151. ஆசிரியர்களும் நேரடியாகக் கூப்பிட்டு ஆலோசனை கேட்கலாம். பயணம் இன்றோ நாளையோ என்றால் போலீஸின் அவசர எண் 999.

மொழிபெயர்க்க ஆள் தேவைப்பட்டால் உறவினரையோ, அதே வட்டாரத்தில் பழகும் தமிழரையோ வைக்காதீர்கள். சேதி வீடு போய்ச் சேர அரை மணி நேரம் ஆகாது. அவள் தகவல் தேட வேண்டியிருந்தால் பள்ளிக் கணினியில் தேடட்டும். வீட்டு ஃபோன் பில்லில் கூப்பிட்ட எண்கள் தெரிய வாய்ப்புண்டு.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2023 பிப்ரவரி 27 முதல் திருமண வயது 18. அதற்குக் கீழே உள்ள பிள்ளைக்குக் கல்யாணம் ஏற்பாடு செய்வதே குற்றம். மிரட்டினார்களா என்று நிரூபிக்க வேண்டியதில்லை. பதிவு செய்யாமல் மதச் சடங்கு மட்டும் நடத்தினாலும் குற்றமே.

கேள்வி: என் தோழிக்குக் கல்யாணம் வேண்டாம். ஆனால் அப்பா அம்மா ஜெயிலுக்குப் போய்விடுவார்கள் என்று பயந்து புகார் கொடுக்க மறுக்கிறாள். (லெஸ்டர்)

இந்தப் பயம்தான் பலரை வாயடைக்க வைக்கிறது. புகார் வேறு, பாதுகாப்பு உத்தரவு வேறு என்று அவளிடம் சொல்லுங்கள். கட்டாயத் திருமணப் பாதுகாப்பு உத்தரவு 2008 நவம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. குடும்ப நீதிமன்றம் தருவது. இது சிவில் உத்தரவு. அதனால் மட்டும் பெற்றோர் மேல் குற்றப் பதிவு விழாது. மீறினால்தான் குற்றம், 5 ஆண்டு வரை சிறை.

எஃப்எல்401ஏ என்ற படிவத்தில் விண்ணப்பிக்க வேண்டும்; கட்டணம் கிடையாது. உள்ளாட்சியின் சமூக சேவைத் துறை அவள் சார்பில் விண்ணப்பிக்கலாம். தோழியான நீங்களும், நீதிமன்ற அனுமதி பெற்று விண்ணப்பிக்கலாம். அவசரமென்றால் பெற்றோருக்கு முன்கூட்டித் தெரிவிக்காமல் அன்றைக்கே உத்தரவு வாங்க முடியும். என்ன வேண்டும் என்று விண்ணப்பத்தில் தெளிவாக எழுதுங்கள்: பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டும், நாட்டை விட்டு அழைத்துப் போகக் கூடாது, நிச்சயதார்த்தம் கூடாது. இரண்டு நாட்டுப் பாஸ்போர்ட் இருந்தால் இரண்டையும் குறிப்பிடுங்கள். ஒன்றை மட்டும் கேட்டு, இன்னொன்றில் பிள்ளை பறந்துவிட்டால் உத்தரவு காகிதமாகத்தான் இருக்கும்.

கேள்வி: எனக்கு 19 வயது. போகாமல் இருக்க முடியாத நிலை. எதையெல்லாம் தயாராக வைத்துக்கொள்ள வேண்டும்? (மாணவி, பர்மிங்ஹாம்)

முடிந்தவரை விமானம் ஏறாதீர்கள். இங்கே ஒரு ஃபோனில் தடுக்கக்கூடியதை அங்கே தடுக்க வாரக்கணக்கில் ஆகலாம். தூதரக அதிகாரி ஒரு வீட்டுக்குள் புகுந்து உங்களை அழைத்து வர முடியாது. உள்ளூர்ப் போலீஸ், நீதிமன்றம் வழியாகத்தான் வர வேண்டும்.

போயே ஆக வேண்டுமென்றால், குடும்பத்துக்குச் சம்பந்தமில்லாத ஒருவரிடம் முழு விவரத்தையும் கொடுத்துவிட்டுப் போங்கள்: பாஸ்போர்ட் நகல், சமீபத்திய புகைப்படம், விமான எண், திரும்பும் தேதி. முகவரியில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். "பெரியப்பா வீடு, பஸ் ஸ்டாண்ட் பக்கம்" என்றால் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. ஊர், தெரு, அருகிலுள்ள காவல் நிலையம், வீட்டுக்காரரின் முழுப் பெயர் எல்லாம் வேண்டும். இனிஷியலை விரித்து எழுதுங்கள். ஒரே ஊரில் பத்து செல்வராஜ் இருப்பார்கள். குறிப்பிட்ட தேதிக்குள் நீங்கள் பேசாவிட்டால் அவர் யாரைக் கூப்பிட வேண்டும் என்பதையும் எழுதிக் கொடுங்கள். ஃபோனில் பக்கத்தில் ஆள் இருக்கும்போது ஆபத்தைச் சொல்ல, சாதாரணமாகத் தோன்றும் ஒரு சொல்லை இருவரும் முடிவு செய்துகொள்ளுங்கள்.

யாருக்கும் தெரியாத இன்னொரு கைபேசி, கொஞ்சம் உள்ளூர்ப் பணம், மனப்பாடமாக +44 20 7008 0151. பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டில் பயணம் செய்யுங்கள். இன்னொரு நாட்டுப் பாஸ்போர்ட்டில் நுழைந்தால் அந்த நாடு உங்களைத் தன் குடிமகளாகவே பார்க்கும், தூதரகத்தின் கை கட்டப்படும். மீட்டு வரும் செலவைப் பாதிக்கப்பட்டவரிடம் கேட்பதை 2019 ஜனவரியில் பிரிட்டன் நிறுத்திவிட்டது. எனவே காசில்லையே என்று தயங்க வேண்டாம்.

கடைசி வாய்ப்பு விமான நிலையம். உள்ளாடைக்குள் ஒரு உலோகக் கரண்டியை வைத்துக்கொண்டால் சோதனைக் கருவி ஒலிக்கும், உங்களைத் தனியாக அழைத்துப் போவார்கள். பெற்றோர் இல்லாத அந்த நிமிடத்தில், "என்னைக் கட்டாயக் கல்யாணத்துக்குக் கூட்டிப் போகிறார்கள், போலீஸைக் கூப்பிடுங்கள்" என்று சொல்லிவிடுங்கள்.

கேள்வி: கணவர் மகளை அழைத்துப் போய்க் கல்யாணம் முடிக்கப் பார்க்கிறார். அவளுக்கு 15. நான் தாய், எனக்கு என்ன உரிமை? (மெல்பர்ன்)

குடும்ப நீதிமன்றத்தில் பயணத் தடை கோரி மனுப் போடுங்கள். அந்த மனுவின் நகலோடு ஆஸ்திரேலிய ஃபெடரல் போலீஸிடம் மகளின் பெயரைக் குடும்பச் சட்டக் கண்காணிப்புப் பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள். எந்த நாட்டுப் பாஸ்போர்ட்டில் போனாலும் விமான நிலையத்தில் பெயர் சிக்கும். போலீஸ் எண் 131 237. அங்கே கட்டாயத் திருமணம் 2013 முதல் குற்றம்.

கேள்வி: பெற்றோர் பார்த்து வைக்கும் கல்யாணமெல்லாம் குற்றமா? (சூரிச்)

இல்லை. பிள்ளை "வேண்டாம்" என்று சொன்னால் பேச்சு அங்கேயே நிற்குமா என்பதுதான் கேள்வி. "நான் செத்துப்போவேன்" என்று அம்மா அழுது சம்மதம் வாங்குவதும் நிர்ப்பந்தமே. சுவிட்சர்லாந்தில் இதற்கு 5 ஆண்டு வரை சிறை. இலவச ஆலோசனைக்கு 0800 800 007. 18 வயதுக்கு முன் நடந்த திருமணத்தை ரத்து செய்யக் கோரும் வாய்ப்பு, 2025 ஜனவரி முதல் 25 வயது வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது.

கேள்வி: எனக்கு வயது 24, ஆண். ஊருக்கு அழைத்துப் போய்க் கட்டி வைத்துவிட்டார்கள். இப்போது மனைவியைக் கனடாவுக்கு வரவழைக்க ஸ்பான்சர் செய்யச் சொல்லி நெருக்குகிறார்கள். (டொராண்டோ)

ஆண்களுக்கும் இது நடக்கிறது. வெளியே சொல்ல அவர்கள் கூசுவதால் நமக்குத் தெரிவதில்லை. கனடாவின் குற்றவியல் சட்டம் ஆண், பெண் பார்ப்பதில்லை. ஸ்பான்சர் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். ஒன்டாரியோ தெற்காசியச் சட்ட உதவி மையத்துக்கு இதில் நல்ல அனுபவம் உண்டு. ஏற்கெனவே அனுப்பியிருந்தால், மனைவிக்கு நிரந்தர வசிப்புரிமை கிடைப்பதற்கு முன்பு விண்ணப்பத்தைத் திரும்பப் பெறலாம். கிடைத்துவிட்டால், விவாகரத்தே ஆனாலும் அவருடைய அடிப்படைச் செலவுகளுக்கு 3 ஆண்டுகள் நீங்கள்தான் பொறுப்பு.